படி ஏறத் தெரியாத நாய்

லண்டனில் மிச்சம், மோர்டன் என்ற ஊர்ப் பக்கம் என்னோடு வளர்ந்து இப்போது முப்பதைத் தாண்டி நிற்கும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலரிடம் அந்த ஆல்பம் இருக்கும். வெல்வெட் அட்டை, தங்க எழுத்து, உள்ளே பன்னிரண்டு வயதில் கலியாணப் பெண்போலச் சோடிக்கப்பட்டு, சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருக்கும் நீங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லாத ஒன்றைப் பற்றி. அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஐந்து கிழமைகள் இருந்தது. அதற்கு நான் படி ஏறப் பழக்கினேன்.

மருத்துவமனைக் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்திடுவது என் தொழில். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே முதலில் வீடு.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கீழே முன்னறை, சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான நடை. மேலே மூன்று அறைகள், குளியலறை. நடுவில் பதின்மூன்று படிகள். படிகளுக்குக் கீழே, மற்றவர்கள் தூசு உறிஞ்சும் மெஷினை வைக்கும் அலுமாரிக்குள், அம்மா சாமி வைத்திருந்தார். கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் பிள்ளையார்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அப்பாவும் அவரோடு பஸ் ஓட்டும் இன்னொருவரும் சேர்ந்து வீட்டிலிருந்த கார்பெட் முழுவதையும் உரித்தெடுத்தார்கள். "எத்தினை வெள்ளைக்காரன்ரை ஊத்தை இதுக்குள்ளை கிடக்கோ" என்பது அம்மாவின் பல வருடக் கவலை. கீழே லாமினேட் பலகை போட்டார்கள். படிகளை அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தார்கள். மிக அழகாக இருந்தது. காலுறையோடு நடந்தால் நானே இரண்டு தரம் விழுந்தேன்.

அடுத்தது நாய் வந்த காரணம். அந்த வசந்தத்தில் எங்கள் தெருவில் தமிழ் வீடுகளாகப் பார்த்து உடைத்தார்கள். கள்ளர்கள் டிவியைத் தொடவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அரிசி வாளிக்குள் கையை விட்டார்கள். நகை எங்கே இருக்கும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். அதன் பிறகு அப்பா நாய் வளர்ப்பதென்று முடிவெடுத்தார். பஸ் டிப்போவில் யாரோ, ஓட்டப்பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கும் ஓர் அமைப்பைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டைப் பார்க்க வந்தார். லாமினேட்டைக் குனிந்து தடவினார். படிகளை அண்ணாந்து பார்த்தார். இந்த நாய்கள் பிறந்ததிலிருந்து கூண்டிலும் மணலிலும் இருந்தவை, படி என்ற ஒன்றையே கண்டிராதவை, மினுங்கும் தரை அவற்றுக்குத் தண்ணீர்போலத் தெரியும், பொறுமையாகப் பழக்கவேண்டும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "நோ ப்ராப்ளம்" என்றார். இங்கிலீசில் அவர் அதிகம் பாவித்த வசனம் அதுதான்.

ஜூலைக் கடைசியில், நான் ஆறாம் ஆண்டு முடித்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் காத்திருந்த விடுமுறையின் தொடக்கத்தில், நாய் வந்தது. சாம்பல் நிறம். நான்கு வயது. காதின் உட்பக்கத்தில் பச்சை மையால் குத்திய எழுத்துகள். விலா எலும்புகளை எண்ணலாம். அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"இதோ காவல்? கள்ளன் வந்தால் இதைப் பாத்து இரக்கப்பட்டு ஏதும் சாப்பிடக் குடுத்திட்டுப் போவான்."

"வேட்டை நாயப்பா. மணிக்கு நாப்பது மைல் ஓடும்" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம்? கள்ளனுக்குப் பின்னாலையோ, முன்னாலையோ?"

நாய் வாசல் கால்மிதியைக் கடந்து முன்கால்கள் இரண்டையும் லாமினேட்டில் வைத்தது. நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின. வயிறு தரையில் அடிபட்டது. அது குரைக்கவில்லை, முனகவுமில்லை. நடுங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து கால்மிதிக்குத் திரும்பி, பொழுதுபடும்வரை அந்த இரண்டு அடிச் சதுரத்தில் நின்றது. கடலுக்கு நடுவே ஒரு பாறையில் நிற்பதுபோல நின்றது.

அது பெட்டை நாய் என்று கேள்விப்பட்டதும் அப்பாவின் அக்கா, என் மாமி, மோர்டனிலிருந்து போன் எடுத்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "ஏன் தம்பி, வீட்டிலை ஒரு பெட்டை போதாதெண்டு இன்னொண்டோ?"

அப்பா சிரித்தார். அவர் நாயையும் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். "பிள்ளை, இஞ்சை வா" என்றால் இரண்டு பேரும் தலையைத் திருப்புவோம்.

முதல் இரவே சிக்கல் வந்தது. சாமிக்குப் பக்கத்தில் நாய் படுக்க ஏலாது என்றார் அம்மா. அப்படியென்றால் மேலே என் அறையில். ஆனால் படியைக் கண்டதும் நாய் சிலையாகிவிட்டது. அப்பா குனிந்து, இருபத்தெட்டுக் கிலோவை ஆட்டுக்குட்டியைப்போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார். காலையில் அப்படியே இறக்கினார். ஐந்தாம் நாள் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இடுப்புப் பிடித்த மனிதனால் எட்டு மணித்தியாலம் பஸ் ஓட்ட முடியாது. இரண்டு ஷிப்ட் போயிற்று, நாயின் படுக்கையும் பின்வளவுக் கொட்டிலுக்குப் போயிற்று.

அம்மா தீர்ப்புச் சொன்னார். "பள்ளிக்கூடம் துவங்கமுன்னம் அது தானாய் ஏறவேணும். இல்லாட்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்கோ."

"ஏறினால்?" என்று கேட்டேன்.

"ஏறினால் இருக்கட்டும்."

"உண்மையா?"

"உனக்கு நான் என்ன எழுதித் தரவேணுமே?"

தேவையில்லை. நானே எழுதினேன். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு, "ஏறினால் இருக்கட்டும் – அம்மா" என்று எழுதினேன். அதன் கீழே கோடு போட்டு ஐந்து நிரல்கள் கீறினேன்: நாள், நேரம், எத்தனையாம் படி, கொடுத்த சாப்பாடு, குறிப்பு.

நூலகத்தில் நாய்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். முதலில் தரை, பிறகு படி என்று இரண்டிலும் இருந்தது. கொட்டிலுக்குள் அப்பா எறியாமல் சுருட்டி வைத்திருந்த பழைய படிக் கார்பெட் கிடந்தது. கபில நிறம், செம்மஞ்சள் பூ, பழைய மழையின் மணம். அதைச் சமையலறைக் கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டினேன். பெருவிரலில் கொப்புளம் வந்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் வாசலிலிருந்து படிவரை ஓர் அடிக்கு ஒன்றாக ஒட்டினேன். நாய் அவற்றின்மேல், ஆற்றில் கல்லுக்குக் கல் கால் வைப்பதுபோல, ஒவ்வொன்றாக நடந்து வந்தது. மூன்றாம் நாள் படியின் அடியில் நின்றது.

"வீடா இது, குப்பைக் கடையா?" என்றார் அம்மா. ஆனால் உரிக்கவில்லை. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு அந்த மாதம் காலை ஷிப்ட். இரண்டரைக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றிவிட்டு, பெனியனோடு நடையில் உட்காருவார். நான் படியில் மேலே. கையில் பொரித்த நெத்தலி. அப்பா நாயின் பின்னால், அதன் இடுப்பை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி.

"முன்னங்கால் நீ பார். பின்னங்கால் என்ரை பொறுப்பு."

"அப்பா, தூக்கக் கூடாது. கையை வைச்சுக்கொண்டிருந்தால் போதும் எண்டு புத்தகத்திலை இருக்கு."

"தூக்கேல்லை. அவளுக்கு நான் நிக்கிறன் எண்டு தெரியவேணும், அவ்வளவுதான்."

முதல் படிக்கு நான்கு நாட்கள். நான் அதன் வலது முன்காலை எடுத்துப் படியில் வைப்பேன். அது காலை அங்கே வைத்துக்கொண்டு எங்கோ சுவரைப் பார்க்கும். விரல்களுக்கு நடுவே அதன் இதயத் துடிப்பு தெரியும். பிறகு இடது கால். பிறகு நெத்தலி. பிறகு அப்பா ஒவ்வொன்றாகப் பின்கால்கள். ஐந்தாம் நாள் முதல் படியில் நான்கு கால்களும் நின்றன. அப்பா பஸ் ஹோர்ன்போல வாயால் ஊதினார். நாய் பயந்து இறங்கிவிட்டது. மீண்டும் ஆரம்பித்தோம்.

உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். என் பிள்ளைப் பருவத்தில் அப்பாவோடு ஒரே வேலையை, ஒரே நேரத்தில், ஒரே நோக்கத்தோடு செய்தது அந்த மூன்று கிழமைகளில் மட்டும்தான். அதற்கு முன்னும் இல்லை. பின்னும் இல்லை.

இரண்டாம் கிழமை கொப்பியில் ஒன்றைக் கண்டேன். வெள்ளிக்கிழமை நாய் பின்னுக்குப் போனது. வியாழன் நான்கு படி, வெள்ளி ஒன்றுகூட இல்லை. முதலில் சாப்பாடு என்று நினைத்தேன், ஏனென்றால் வெள்ளியில் எங்கள் வீட்டில் மரக்கறி. நெத்தலி கிடையாது, சீஸ் துண்டுதான். அடுத்த நாளும் சீஸையே கொடுத்துப் பார்த்தேன். நான்கு படி ஏறியது. ஆகவே சீஸ் இல்லை. அப்புறம்தான் புரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றுமுன் அம்மா நடையையும் படிகளையும் பொலிஷ் அடித்துத் துடைப்பார். எலுமிச்சை மணக்கும். வழுக்கும்.

"அம்மா, படிக்குப் பொலிஷ் அடிக்காதேங்கோ."

"நாய்க்காக நான் வீடு துடைக்காமல் விடுறதோ? வெள்ளிக்கிழமையுமா?"

"தண்ணியாலை துடைக்கலாம்தானே."

"ஆர் வீட்டுச் சட்டம் இது?" என்றார். ஆனால் அடுத்த வெள்ளி படிகளை வெறும் தண்ணீரால்தான் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கொடுமைக்காரி இல்லை. அதை இங்கே எழுதிவைக்கவேண்டும். அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தார். நாய் ஐந்தாம் படியில் நின்றது. அப்பா பின்னால், நான் முன்னால். மாமி நடையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"ஐயோ, சாமியின்ரை தலைக்கு மேலாலை நாய் ஏறுது!"

"நாங்களும் அதாலைதானே ஏறுறம், அக்கா" என்றார் அப்பா.

"நீ நாயோடை உன்னைச் சேக்கிறியோ? மச்சாள், இதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியளே?"

அம்மா மாமியின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். கீழே படுத்தால் சாமிக்குப் பக்கம். மேலே ஏறினால் சாமிக்கு மேல். இரண்டு விதிகளையும் கொப்பியில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். இரண்டையும் மீறாமல் அந்த நாய் நிற்கக்கூடிய இடம் எங்கள் வீட்டில் இல்லை. அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும். நான் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதுவதிலேயே கவனமாக இருந்தேன்.

ஓகஸ்ட் மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, குளியலறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு நடந்ததும் தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குள் மாமி வந்துவிட்டார். தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். என் அறையிலிருந்து கட்டில் விரிப்பு, திரைச்சீலை எல்லாம் போயின. தனிப் பாய், தனிக் கோப்பை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பின்னேரம் உழுத்தங்களி. பக்கத்தில் இரும்பு ஏதாவது இருக்கவேண்டும் என்று மாமி சொல்ல, அப்பா தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரைக் கொடுத்தனுப்பினார். பதினொராம் நாள் ஐயர் வந்து துடக்கை, தீட்டை, கழிக்கும்வரை நான் அறையைவிட்டு இறங்கக் கூடாது. யாரையும் தொடக் கூடாது. என்னைத் தொட்டால் முழுகவேண்டும்.

மாமி வாசல் நிலையில் கதிரை போட்டு உட்கார்ந்து புத்தி சொன்னார். "இனி முந்தின மாதிரி இல்லைப் பிள்ளை. கால் வழுக்காமல் பாத்து நடக்கவேணும். ஒருக்கா வழுக்கினால் பிறகு ஒருத்தராலையும் தூக்கிவிட ஏலாது."

"ஓம் மாமி. அதுக்குத்தான் கார்பெட் துண்டு ஒட்டியிருக்கிறன்" என்றேன்.

மாமி எழுந்துபோய்க் கீழே அம்மாவிடம் சொன்னது கேட்டது: "உவளுக்கு இன்னும் ஒண்டும் விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது ஒன்றுதான். பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு கிழமைகள் இருந்தன, நாய் ஆறாம் படியில் நின்றது, நான் அறைக்குள் இருந்தேன்.

இந்தப் பதினொரு நாளும் நாயை என் அறைக்குக் கொண்டுவர முடியாது. அது கொட்டிலிலேயே படுத்தது. ஆனால் முதல் சில நாட்கள் அப்பா தனியாகப் பழக்கினார். முன்னாலும் அவர், பின்னாலும் அவர். நான் கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நகம் மரத்தில் படும் சத்தம். அப்பாவின் மூச்சு. பிறகு கீழேயிருந்து குரல் வரும்.

"பிள்ளை! இண்டைக்கு எட்டு!"

"என்ன குடுத்தீங்கள்?"

"கோழித் தோல்!"

கொப்பியில் எழுதுவேன். எட்டு. கோழித் தோல். பயிற்றுநர்: அப்பா.

பிறகு அப்பாவுக்கு நேரம் இல்லாமல் போனது. ஐயர், பூக்காரர், வீடியோக்காரர், சாப்பாட்டுக்கு ஆட்கணக்கு. கொப்பியில் மூன்று நாட்கள் வெறும் கோடுகள். இன்றைக்கும் அந்த மூன்று கோடுகளைக் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

எட்டாம் நாள் பகல். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா வேலை. மாமி சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நாய் நடையில் கட்டாமல் விடப்பட்டிருந்தது. எப்படியும் நடையைத் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலில் ஒரு நகச் சத்தம். பிறகு நீண்ட இடைவெளி. பிறகு மூன்று. எனக்கு அந்த ஒழுங்கு மனப்பாடம். வலது முன், இடது முன், பின் இரண்டும் சேர்ந்து. எண்ணத் தொடங்கினேன். நாலு. ஐந்து. ஐந்தில் அது எப்போதும் நிற்கும். நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் மாமிக்குக் கேட்கும். ஆறு. ஒன்பதில் ஒரு கால் சறுக்கிய சத்தம், விறாண்டிப் பிடித்த சத்தம். எழுந்து கதவை ஒரு சாண் திறந்தேன். பத்து. பதினொன்று. முதலில் காதுகள் தெரிந்தன, பிறகு மூக்கு. பதின்மூன்று.

கையில் நெத்தலி இல்லை. சீஸ் இல்லை. பின்னால் தாங்க யாரும் இல்லை. ஏன் ஏறியது என்பதற்கு என் கொப்பியில் நிரல் இல்லை. அது நேரே வந்து தன் நீண்ட தலையை என் நெஞ்சில் வைத்து முட்டிக்கொண்டு நின்றது. முழு உடம்பும் நடுங்கியது. நான் இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தேன். எட்டு நாட்களாக என்னை யாரும் தொட்டிருக்கவில்லை.

"பதின்மூண்டு!" என்று கத்தினேன். அதுதான் நான் விட்ட பிழை.

மாமி கையில் வெங்காயக் கத்தியோடு படியின் அடியில் வந்து நின்றார். "என்ன பதின்மூண்டு?" பிறகு கண்டார். "அடியேய், அதைத் தொட்டிட்டியா?"

"மாமி, அது ஏறிட்டுது! தனிய ஏறிட்டுது!"

"தொட்டிட்டியா எண்டு கேக்கிறன்!"

அம்மா வந்தார். அப்பா வந்தார். மூன்று பேரும் நடையில் நின்று மேலே பார்த்தார்கள். நானும் நாயும் மேலே நின்று கீழே பார்த்தோம். இப்போது வீட்டின் முன்னால் இருந்த கேள்வி, நாய்க்குத் துடக்கு ஒட்டுமா என்பது.

"அது மிருகம், அக்கா. அதுக்கென்ன துடக்கு?"

"மிருகமெண்டாப்போலை? இவளைத் தொட்ட உடம்போடை இறங்கி வந்து சாமியறையிலை உரஞ்சும். அடுக்களையிலை நக்கும். இன்னும் மூண்டு நாளிலை நூறு சனம் வரப்போகுது. ஐயருக்கு அடிச்சுக் கேள்."

அப்பா ஐயருக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கர். ஐயர் வேறு எங்கோ பூசையில் நின்றார், பின்னால் மணிச் சத்தம். கேள்வியை அவருக்கு இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

"நாயோ? வீட்டுக்குள்ளையோ?" என்றார். பிறகு, "அதைப் பற்றி ஒண்டும் எழுதியில்லை. எதுக்கும் விசேஷம் முடியும்வரை வெளியிலை விடுங்கோ. மஞ்சள் தண்ணி தெளியுங்கோ" என்று வைத்துவிட்டார்.

நாயை இறக்கவேண்டும். "வா பிள்ளை" என்று அப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். நாய் படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தது. ஒரு காலை நீட்டியது. எடுத்தது. அதற்கு இறங்கத் தெரியாது. இரண்டு புத்தகங்களிலும் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்று இருந்தது. ஏறி முடித்த பிறகு பழக்கலாம் என்று நான் விட்டிருந்தேன். ஐந்து நிரல்கள் கீறிய எனக்கு இறங்குவதற்கு ஒரு நிரல் கீறத் தோன்றவில்லை. அது தானாக இறங்கி, வாசலால் வெளியே போயிருந்தால், எல்லாம் அத்தோடு அடங்கியிருக்கலாம். இதை நான் பல தரம் யோசித்திருக்கிறேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் அது தெரியாது.

அப்பா ஏறத் தொடங்கினார். பத்தாம் படியில் மாமியின் குரல் அவரை நிறுத்தியது.

"தம்பி! வெறுங்கையோடை தொடாதை. பழைய பெட்சீட் ஒண்டாலை சுத்தித் தூக்கு."

அம்மா பெட்சீட்டை எறிந்தார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நாயின்மேல் அதைப் போர்த்தி, சுற்றி, தூக்கினார். மூன்று கிழமைகளுக்கு முன் வெறும் கையால் அதன் இடுப்பைத் தாங்கி, நான் நிற்கிறேன் என்று தெரியவேண்டும் என்று சொன்ன மனிதர். துணியின் ஓரத்தால் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. அவர் இறங்கும்போது நாய் என்னைப் பார்த்ததா, தெரியாது. முகம் மூடியிருந்தது.

"அம்மா, ஏறினால் இருக்கட்டும் எண்டு சொன்னீங்கள்."

"இப்ப அதே கதை?" என்றார் அம்மா, மஞ்சள் தண்ணீரைப் படியில் தெளித்துக்கொண்டே. "நீ உள்ளை போ."

அடுத்த நாள் காலையில் அப்பா என் கதவுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "பிள்ளை, அவளைக் கொஞ்ச நாளைக்கு அங்கை விட்டிட்டு வாறன். எல்லாம் முடியக் கூட்டிக்கொண்டு வரலாம், என்ன?"

"ஏறினதை அவையளுக்குச் சொல்லுங்கோ. பதின்மூண்டு எண்டு சொல்லுங்கோ."

"ஓம், ஓம்."

காரின் கதவு இரண்டு தரம் சாத்தப்பட்டது.

பதினொராம் நாள் வந்தது. தண்ணீர் வார்த்தார்கள், சேலை கட்டினார்கள். நடையில் கார்பெட் சதுரங்கள் இருக்கவில்லை. டேப்பின் ஒட்டலைக்கூட மாமி வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்திருந்தார். ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று பிறகு கொட்டிலில் தேடிப் பார்த்தேன். குப்பை லொறி வந்து போயிருந்தது.

எப்போது நாயைக் கூட்டி வருவோம் என்று கேட்டேன். அடுத்த கிழமை. பிறகு, பள்ளிக்கூடம் தொடங்கட்டும். பிறகு, அப்பாவுக்கு ஷிப்ட் மாறட்டும். நான் கேட்ட தேதிகளைக் குறித்து வைத்தேன். ஏழு தேதிகள்.

ஒக்டோபரில் பள்ளி நூலகக் கணினியில் அந்த அமைப்பின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வீடு தேடும் நாய்களின் வரிசையில் அது இருந்தது. யாரோ கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: சாதுவானது, அமைதியானது. முந்தைய வீட்டில் முயன்றும் படி ஏறப் பழகவில்லை. தரைத்தளத்தில் மட்டும் வாழ்பவர்களுக்கே கொடுக்கப்படும்.

லண்டனில் தரைத்தளத்தில் மட்டும் வாழ்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். முதியவர்கள், நடக்க முடியாதவர்கள். அவர்கள் இருபத்தெட்டுக் கிலோ நாய் தேடுவதில்லை.

எங்கள் வீட்டில் கவுன்சில் கடிதம், பெனிபிட் படிவம், பள்ளிக்கூடப் படிவம் எல்லாம் ஒன்பது வயதிலிருந்து நான்தான் நிரப்பினேன். அப்பா கையெழுத்து மட்டும் வைப்பார். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நாயைத் திருப்பிக் கொடுத்த படிவம் ஒன்றைத்தான் அவர் தனியாக நிரப்பினார். நான் அறைக்குள் இருந்தேன்.

வீட்டுத் தொலைபேசியிலிருந்து அவர்களை அழைத்தேன். வீட்டைப் பார்க்க வந்த அதே பெண். அந்த நாய் படி ஏறும், பதின்மூன்று படிகள், தனியாக ஏறியது, என்னிடம் பதிவு இருக்கிறது என்றேன். அவர் கனிவாகக் கேட்டார். உன் அப்பா வேறு மாதிரி எழுதியிருக்கிறாரே, கண்ணே. அப்பா பக்கத்தில் இருக்கிறாரா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் திருத்திவிடுகிறேன்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். சோபாவில், செய்தி பார்த்துக்கொண்டு. நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன்.

"அவ கேக்கிறா. ஏறினது எண்டு சொல்லுங்கோ. அது மட்டும் போதும்."

அப்பா ரிசீவரைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, விரல்களை விரித்து, வேண்டாம், வை என்பதுபோல ஆட்டினார்.

வைத்தேன்.

டிசம்பரில் நத்தாருக்கு முன் பார்த்தேன், படம் அப்படியே இருந்தது. மாசியில் இருந்தது. அடுத்த ஏப்ரலில், நான் பெரியபிள்ளையானதற்கு மண்டபத்தில் பெரிய சாமத்தியவீடு நடந்த கிழமை, இருக்கவில்லை. யாராவது எடுத்துப் போயிருக்கலாம். அல்லது. இரண்டில் எதுவென்று தொலைபேசி எடுத்துக் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. கேட்காமல் விட்டது நான்தான், அப்பா இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பா ஓய்வு எடுத்துவிட்டார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டுவிட்டேன்.

"அப்பா, அந்த நாயைத் திருப்பிக் குடுக்கேக்கை படிவத்திலை என்ன எழுதினீங்கள்?"

எந்த நாய் என்று அவர் கேட்கவில்லை. "படி ஏறாது எண்டு."

"ஏறினதுதானே."

"ஓம். பதின்மூண்டும் ஏறினது."

"அப்ப ஏன்?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "அந்த மனிசி காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினா. சின்னப் பெட்டி. ஏதாவது எழுதத்தானே வேணும், பிள்ளை. துடக்கு எண்டு இங்கிலீசிலை என்னெண்டு எழுதுறது?"

அவர் சாட்டுச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார், நான் சொல்லித் தருவேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் அந்தப் பெட்டிக்குள் பொருந்தவில்லை.

"என்ன கதை அங்கை ரெண்டு பேருக்கும்?" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

"ஒண்டுமில்லை" என்றார் அப்பா. "நாயைப் பற்றி."

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எந்த நாய்?"